நீண்டுபோன கேரம் போர்டு

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் இருக்கும் என்று என் கணவர் அலெக்ஸாண்டருக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். யாரென்று தெரிந்தால் நான் சும்மா விடமாட்டேன். அதுவரை மனுஷன் கேமராவோடு நிறுத்திக்கொண்டிருந்தார். கல்யாணம், ஞானஸ்நானம், மஞ்சள் நீராட்டு என்று அவர் போய் எடுத்துவருவார், நான் உட்கார்ந்து எடிட் பண்ணுவேன். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் பத்துக்குப் பத்து கடை. 'தேவப்பிரியம் வீடியோஸ்' என்று என் பெயர்தான் போர்டில் இருக்கும். கேமராவை வாடகைக்கு எடுக்கலாம், என்னை எடுக்க முடியாதே.

அந்த மூன்று எழுத்தை மாற்றினால் ஃபைலே மாறிவிடும் என்பது அவருடைய விசுவாசம். அதில் பாதித் தப்பு வீசிடி மேல். வீசிடி தட்டில் இருக்கும் ஃபைல் 'டிஏடி' என்று முடியும். அதை 'எம்பிஜி' என்று திருத்தி எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். உள்ளே இருப்பது அநேகமாக ஒரே சரக்கு என்பதால் ஓடுகிறது, அவ்வளவுதான். இவர் ஒரு நாள் அதைச் செய்து பார்த்தார், ஓடிவிட்டது. அன்றிலிருந்து ராயபுரத்திலேயே தன்னைப்போல ஒரு கன்வர்ஷன் நிபுணன் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"இன்னா மே, நாள் பூரா கம்ப்யூட்டரை ஓடவுட்டுகினு குந்தியிருக்க? பேரை மாத்துனா முடிஞ்சிது வேலை" என்பார்.

"யோவ், உன் பேரை நாளைக்கே நான் மாத்தி வெக்கிறேன். கொறட்டை நிக்குமா?" என்பேன்.

டிபன் கேரியரை எதிரில் வைத்தே அவருக்கு விளக்கியிருக்கிறேன். ஃபைல் என்பது இந்தக் கேரியர். ஒரு அடுக்கில் படம், இன்னொரு அடுக்கில் சத்தம். அடுக்குக்குள் இருப்பதை எந்த முறையில் சமைத்தார்கள் என்பதுதான் கோடெக். அந்தச் சமையல் தெரிந்த கம்ப்யூட்டருக்குத்தான் அது இறங்கும். கேரியர் மேல் ஒட்டிய சீட்டைக் கிழித்து வேறு எழுதினால் உள்ளே இருக்கும் சாம்பார் மீன்குழம்பு ஆகிவிடாது. மாற்ற வேண்டுமென்றால் திரும்ப அடுப்பில் ஏற்ற வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கொஞ்சம் ருசி போகும். இவ்வளவையும் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் அவர் கேரியரைத் திறந்து பார்த்து, "மீன்கொழம்பு இல்லியா?" என்றார்.

எனக்கும் இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன், மூன்று கல்யாணங்களைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டேன். அதில் ஒன்றில் தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளை எழுந்து, செருப்பைத் தேடுகிற நேரத்தில்தான் கெட்டிமேளம் கேட்கும். அந்தப் பெண் வீட்டார் இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த லட்சணத்தில்தான் 2005-ஆம் வருடம் பெண்கள் கேரம் போட்டி வந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. ஜெயிக்கிறவளின் பெயரை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசாங்க ஆபீஸ் வேலைக்குச் சிபாரிசு செய்து அனுப்புவார்கள். இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வியாசர்பாடி எழில்மொழி. மணலியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, தினக்கூலி. அந்த வேலைக்கு வயது வரம்பு இருபத்தைந்து, அவளுக்கு இரண்டே மாதத்தில் இருபத்தைந்து முடிகிறது. இந்த வருடம் விட்டால் அப்புறம் எத்தனை கோப்பை வாங்கினாலும் அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்னொருத்தி தண்டையார்பேட்டை மதி, பத்தொன்பது வயது. அவள் அப்பா சண்முகவேல் லேத் பட்டறை வைத்திருப்பவர். மகளுக்காகப் பட்டறை மாடியில் தனி ரூம் போட்டு, தானே லெவல் பார்த்து போர்டு இறக்கிவைத்த மனுஷர்.

ஆட்டத்தை எடுக்க அலெக்ஸாண்டர் போனார். நான் அந்தச் சமயம் எண்ணூரில், என் தங்கச்சியின் பிரசவத்துக்குப் போயிருந்தேன். அதனால் நடந்ததைப் பலர் சொல்லிக் கேட்டதுதான். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், ஏனென்றால் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

கடைசி போர்டு. ஆளுக்கு ஒரு காய் பாக்கி. மதியின் கறுப்புக் காய் குழி வாசலிலேயே நிற்கிறது, ஊதினால் விழுந்துவிடும். எழிலின் வெள்ளைக் காயோ அவளுடைய வலது கைப்பக்க மூலையில், அவளுக்குக் கிட்டேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நேராக அடிக்க முடியாது. எதிர்ச் சட்டத்தில் ஸ்ட்ரைக்கரை மோதவிட்டு, அது திரும்பி வரும்போது காயைத் தட்ட வேண்டும். அவள் குனிந்து விரலை மடக்கிய நேரம் பார்த்துக் கடல் காற்றுக்குச் சன்னல் கதவு டமாரென்று அடித்தது. நடுவர் கமாலுதீன் பாயும் ஹாலில் இருந்த முப்பது பேரும் சன்னலைப் பார்த்தார்கள். திரும்பியபோது வெள்ளைக் காய் போர்டில் இல்லை. ஸ்ட்ரைக்கர் எழிலின் கையில் இருந்தது. அவளுடைய துப்பட்டா அந்த மூலையை மூடிக்கொண்டு கிடந்தது.

"ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து வுழுந்துச்சு! வலையிலேர்ந்து எடுத்துகினா!" என்று சண்முகவேல் எழுந்துவிட்டார்.

"மேலதான் நின்னுச்சு. நான் எடுத்தேன்" என்றாள் எழில்.

ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து குழியில் விழுந்திருந்தால் அது தப்பாட்டம். வெள்ளைக் காய் திரும்ப மேலே வரும், ஆட்டம் மதியின் கைக்குப் போகும், மதி கண்ணை மூடிக்கொண்டு தன் காயைத் தள்ளியிருப்பாள். விழாமல் நின்றிருந்தால் ஜெயித்தது எழில். கமாலுதீன் பாய் நேர்மையான மனுஷர். துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்கு எண்ணியவர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்டு எழுதி வாங்கினார். சன்னலில் மூன்றாவது கம்பி துருப்பிடித்திருந்தது, கொக்கி கழன்றிருந்தது, கீழே ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது என்று முப்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் யாரோ, "வீடியோ கீதே!" என்றார்கள். எல்லாரும் அலெக்ஸாண்டரைப் பார்த்தார்கள்.

"ஒரு வாரம் டைம் குடுங்க பாய். அட்டகாசமா, க்ளியரா பண்ணி எடுத்தாரேன்" என்றாராம் என் புருஷன். நான் ராயபுரத்தில் இருந்திருந்தால் அந்த வாயைப் பொத்தியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எண்ணூரிலிருந்து வந்து பையை இறக்கிக்கூட வைக்கவில்லை, சங்கத்திலிருந்து என் புருஷனின் போன். "தேவு, ஃபைல் தொறக்க மாட்டேன்னு பேஜார் பண்ணுது. நீ கொஞ்சம் வந்துட்டுப் போ" என்றார். மறுநாள் திங்கட்கிழமை சிபாரிசுக் கடிதம் போயாக வேண்டும். அன்றைக்குள் தீர்ப்புச் சொல்லாவிட்டால் யார் பெயரும் போகாது. அது தெரிந்ததும் நான் சர்ச் பூசைக்குக்கூடப் போகாமல் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

மாடி ஹாலில் பதினைந்து பேர் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றிருந்தார்கள். நடுவில் என் புருஷன் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்து பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். 'ஏவிஐ' என்று இருந்ததை 'எம்பிஜி' ஆக்கினார், ஓடவில்லை. 'டிஏடி' ஆக்கினார், ஓடவில்லை. 'எம்பி3' ஆக்கினார். ஒவ்வொரு முறையும் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் படம் வேறு படமாக மாறியது. "பாருங்க, மாறிடுச்சு, மாறிடுச்சு" என்று கூட்டத்துக்குக் காட்டினார். ஆறாவது முறை 'ஜேபிஜி' ஆக்கியபோது நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

என் பையில் எப்போதும் ஒரு சிடி இருக்கும், எல்லாச் சமையலும் ஓரளவு தெரிந்த ஒரு பிளேயர் அதில் இருக்கும். அதைப் போட்டேன். படம் வந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் அதை யாரும் கவனிக்கவேயில்லை. படமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஏனென்றால் படத்தில் கேரம் போர்டு சாப்பாட்டு மேஜை மாதிரி நீளமாகக் கிடந்தது. காய்கள் முட்டை முட்டையாக இருந்தன. எழில்மொழி இரண்டு ஆள் அகலத்துக்கு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா இது?" என்றார் சண்முகவேல். "இது நம்ம போர்டே இல்லியே. போர்டுன்னா இருவத்தொம்போது இஞ்ச் சதுரம். ரூல் புக்குல மொத பக்கத்துல கீது. இது எந்த ஊரு போர்டு?"

"அதே போர்டுதான் அண்ணே. இழுத்துருக்கு" என்றேன்.

"யாரு இழுத்தா?"

நான் அலெக்ஸாண்டரைப் பார்த்தேன். "டிவிடி மாதிரி அகலமா இருக்கட்டும்னு..." என்று அவர் தலையைச் சொறிந்தார். பிரவுசிங் சென்டரில் ஓசியில் இறக்கிய ஏதோ ஒரு கன்வர்ட்டரில் போட்டு, படத்தை அகலத் திரைக்கு இழுத்து, சத்தத்தை இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாத சமையலில் சமைத்து, சிடியில் இறக்கியிருக்கிறார். கமாலுதீன் பாய் நியாயம் தவறாதவர் என்று சொன்னேன் அல்லவா, அவர் அளக்கும் டேப் கொண்டுவரச் சொல்லி முதலில் ஹாலில் கிடந்த போர்டை அளந்தார், பிறகு திரையில் தெரிந்த போர்டை அளந்தார், இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார். "சரிப்பட்டு வரலியேம்மா" என்றார் கவலையோடு.

"பாய், இது ரெண்டாவது தடவை சமைச்சது. மொதல்ல இறக்குன ஃபைலு கடையில கீது. அத்த வந்து பாருங்க" என்றேன்.

பதினைந்து பேரும் கிளம்பி வந்தார்கள். பத்துக்குப் பத்து கடையில் பாதி இடத்தை மேஜையும் கம்ப்யூட்டரும் பிடித்துக்கொள்ளும். பாய் நாற்காலியில், சண்முகவேல் ஸ்டூலில், எழில் ஒரு மூலையில், மதி அவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால், மீதிப் பேர் வாசலில் நின்று ஒருவர் தோளில் ஒருவர் தாடையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சந்தில் போனவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

முதல் ஃபைலைத் தேடி எடுத்து அதன் அளவைப் பார்த்தேன். ஒரு மணி நேர டேப் முழுசாக இறங்கினால் பதிமூன்று ஜிபி இருக்கும். இது அறுநூறு எம்பிதான் இருந்தது. டிஸ்க்கில் இடம் இல்லை என்று டேப்பிலிருந்து இறக்கும்போதே வீசிடி அளவுக்குச் சுருக்கி இறக்கியிருக்கிறார். வீசிடியில் ஒரு கேரம் காய் என்பது பத்துப் புள்ளிகூட இருக்காது. இருந்தாலும் போர்டு சதுரமாக இருந்தது, காய்கள் வட்டமாக இருந்தன. "இப்போ ஒத்துக்கிறேன்" என்றார் சண்முகவேல்.

கடைசி அடிக்கு வந்து, வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாக, அதாவது ஒவ்வொரு படச் சட்டமாக நகர்த்தினேன். எழில் குனிகிறாள். விரலை மடக்குகிறாள். அடுத்த சட்டத்தில் போர்டு மேலே ஏற ஆரம்பித்தது. அடுத்ததில் பாதிதான் இருந்தது. அதற்கடுத்து, பளிச்சென்று, துருப்பிடித்த மூன்றாவது கம்பியோடு சன்னல்.

"யோவ்!" என்றேன்.

கல்யாண வீட்டில் சத்தம் கேட்டால் யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று அர்த்தம். கேமராவை அந்தப் பக்கம் திருப்பாவிட்டால் கேசட் வாங்க வரும்போது சண்டை வரும். பதினான்கு வருடப் பழக்கம். சன்னல் அடித்ததும் என் புருஷனின் கை அதுவாகவே மாமனாரை வரவேற்கப் போயிருக்கிறது.

ஆனாலும் எட்டுச் சட்டங்களில் போர்டின் அந்த மூலை ஓரத்தில் தெரிந்தது. தெரிந்தது என்று சொல்வதைவிட, அங்கே சாம்பலும் வெள்ளையுமாக ஜல்லி கொட்டியிருந்தது என்று சொல்லலாம்.

"இதோ, இந்த வெள்ளைச் சதுரம்தான் ஸ்ட்ரைக்கர்! குழிக்குள்ள போகுது பாரு!" என்று சண்முகவேல் திரையில் விரலை வைத்தார்.

"அது என் டீ கப்பு" என்றார் பாய்.

"ரெண்டும் இல்ல" என்றேன். "இந்தக் கோடெக்கு எல்லாப் படத்தையும் முழுசா வெச்சுக்காது அண்ணே. ஒண்ணை முழுசா வெச்சுக்கும், அடுத்ததுல இன்னா மாறிச்சோ அத்த மட்டும் குறிச்சு வெச்சுக்கும். ஆளு சொம்மா குந்தினு இருந்தா பிரச்சனை இல்ல. இந்தாளு கேமராவையே திருப்பிட்டாரு. மொத்தமும் ஒரே நேரத்துல மாறுது. எழுத எடம் பத்தலை. அதுவா ஏதோ கட்டம் கட்டமா போட்டு ஒப்பேத்திகினு கீது. அங்க ஸ்ட்ரைக்கரும் இல்ல, கப்பும் இல்ல."

"அப்போ பொய் சொல்லுதா?"

"பொய் இல்ல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டுது."

"எங்க மச்சான் மாதிரி" என்றார் வாசலில் ஒருவர்.

டேப்பில் அந்த எட்டுச் சட்டமும் தெளிவாக இருக்கும். திரும்ப முழு அளவில் இறக்கினால் போதும். நான் நிம்மதியாகக் கையை நீட்டி, "டேப்பைக் குடு" என்றேன்.

அலெக்ஸாண்டர் கடையின் மேல்கூரையைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். எழுந்துபோய் அலமாரியில் டேப்பைத் தேடி எடுத்துக் கேமராவில் போட்டேன். திருவொற்றியூரில் ஒரு பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் ஓட்டினேன், பின்னால் ஓட்டினேன். ஒரு மணி நேரமும் சீர்வரிசைத் தட்டு.

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, டேப்பு சொம்மாதானே கீதுன்னு அது மேலயே எடுத்து..." என்றார்.

பதினைந்து பேர் இல்லாவிட்டால் அன்றைக்கு நான் அந்தக் கேமராவை அவர் தலையில் போட்டு உடைத்திருப்பேன். மூலையில் எழில் நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அக்கா, அப்போ அவ்ளோதானா?" என்றாள்.

சண்முகவேல் எழுந்தார். "சாட்சி இல்ல. அப்போ யாரு பேரும் போக வேணாம் பாய். அதான் நாயம்." அவர் சொன்னதில் தந்திரமும் இருந்தது. யார் பெயரும் போகாவிட்டால் மதிக்கு அடுத்த வருடம் இருக்கிறது, அதற்கடுத்த வருடம் இருக்கிறது. எழிலுக்கு இந்தத் திங்கட்கிழமை மட்டும்தான் இருந்தது. பாய் தாடியைத் தடவிக்கொண்டார். ஒரு பெண்ணின் வேலை எங்கள் கடையில், எங்கள் டிஸ்க்கில், எட்டு அழுக்குக் கட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல், இன்னொரு தரம் ஓடவிடலாம் என்று தட்டினேன். சட்டம் சட்டமாக நகர்த்துவதற்காகக் குறைத்து வைத்திருந்த ஸ்பீக்கரில் முழங்கை பட்டுவிட்டது போல. டமாரென்று சத்தம் கடையையே தூக்கியது. பதினைந்து பேரும் விலுக்கென்று திரும்பி என் ஷட்டரைப் பார்த்தார்கள்.

சத்தம் இருக்கிறது. நாள் பூராவும் படம் படம் என்று முட்டிக்கொண்டிருந்தோம், கேரியரில் இன்னொரு அடுக்கு இருப்பதை அந்த அடுக்கைப் பற்றிப் பாடம் எடுத்த நானே மறந்துவிட்டேன். வீசிடியில் படத்தைத்தான் கசக்கிப் பிழிவார்கள், சத்தத்தை அநேகமாக நல்லபடியாகவே விட்டுவைப்பார்கள். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் மைக்குக் காது திரும்பாது.

"பாய், ஸ்ட்ரைக்கர் குழியில வுழுந்தா எப்படிச் சத்தம் வரும்?" என்றேன்.

"காயி வுழுந்தா டிக்குன்னு வரும். ஸ்ட்ரைக்கர் வெயிட்டு, தொப்புன்னு வரும். இத்தக் கூடவா கேப்பாங்க?" என்றார் பாய். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கேரம் ஆடுகிறவர்களுக்கு இது பாலபாடம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சத்த அடுக்கை மட்டும் கழற்றித் தனியாக எடுத்தேன். சன்னல் அடித்ததை வெட்டித் தள்ளினேன், இல்லாவிட்டால் திரும்பவும் ஷட்டரைப் பார்ப்பார்கள். மீதி நான்கு விநாடி. மின்விசிறியை நிறுத்தினேன். அலெக்ஸாண்டரை வெளியே அனுப்பி சந்தில் தடதடவென்று போகிற மீன்பாடி வண்டிகளை நிறுத்தச் சொன்னேன். அதையாவது உருப்படியாகச் செய்தார். திரையை அணைத்துவிட்டு, "எல்லாம் கண்ணை மூடுங்க" என்றேன். மூடினார்கள்.

டக். அது விரல். கட். அது போர்டின் எதிர்ச் சட்டம். உடனே சின்னதாக ஒரு டிக். அதற்கப்புறம் கிர்ர்ர்ர் என்று ஏதோ மரத்தில் சுற்றிச் சுற்றி அடங்கியது.

இன்னொரு முறை ஓட்டினேன். டக், கட், டிக், கிர்ர்ர்ர். எனக்குப் புரிந்தது, ஆனால் நான் சொன்னால் எடுபடாது. பாய் கண்ணைத் திறந்து சண்முகவேலைப் பார்த்தார். சண்முகவேல் கண்ணைத் திறக்காமலே, "சரியா கேக்கலை. இன்னொரு தபா போடு" என்றார்.

"வேணாம் நைனா" என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. காலையிலிருந்து மதி பேசிய முதல் வார்த்தை அது. "ஸ்ட்ரைக்கர் வுழலை. பலகை மேல சுத்துது. வலையில வுழுந்தது எப்படிச் சுத்தும்?"

"நீ சொம்மா இரு. இது பெரியவங்க விசாரணை."

"அன்னிக்கே பாத்தேன் நைனா. நான் சன்னலைப் பாக்கலை."

பாய் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "பாத்தியா? ஒரு வாரமா சொல்லலியேம்மா?"

"யாரும் என்னைக் கேக்கலை பாய்" என்றாள் மதி.

பாய் நோட்டைத் திறந்து பார்த்தார். பார்க்க வந்தவர்கள், டீ கொண்டுவந்தவர், வாட்ச்மேன் என்று முப்பது பெயர்கள் இருந்தன. போர்டுக்கு அந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவளின் பெயர் இல்லை. நானும்தான் கோடெக், கேரியர் என்று காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன், அவள் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மதி தரையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பேன்னு தெர்லை. அதான் யாராச்சும் கேட்டுடப் போறாங்கன்னு பயந்துகினே இருந்தேன்" என்றாள்.

சண்முகவேல் மகளைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து, எழில் மேல் தான் எழுதிவைத்திருந்த புகார்க் கடிதத்தை எடுத்துப் பாயிடம் நீட்டி, "கிழிச்சுப் போட்டுடு பாய்" என்றார். பிறகு மகளின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பாய் என் மேஜையிலேயே சிபாரிசுக் கடிதத்தில் எழில்மொழியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழில் அதை வாங்கினாள், இரண்டு முறை படித்தாள், அப்புறம் வாய்விட்டு அழுதாள். வாசலில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். அலெக்ஸாண்டர் உள்ளே ஓடிவந்து, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு?" என்றார், அவருக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை, கையில் கேமரா இருந்தது.

கூட்டம் கலைந்தபோது எழில் படியிறங்கிப் போய், தெருவில் அப்பாவோடு நின்ற மதியின் கையைப் பிடித்தாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தேன்.

"ஊரே சன்னலைப் பாத்துச்சு. நீ மட்டும் ஏண்டி பாக்கலை?" என்று எழில் கேட்டாள்.

மதிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போல, அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நீ அடிக்கிறப்போ சன்னலை எவ பாப்பா?" என்றாள்.